ஆளுக்கு ஒரு படம், எல்லோருக்கும் ஒரு கதை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது பெயிண்ட் புரோகிராமைத்தான். ஒரு வீடு, பின்னால் இரண்டு மலை, மலைக்கு நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை மரம். இதை நாலு வண்ணத்தில் நாலு முறை வரைவார்கள். பத்து நாள் போனால் சலித்துவிடும். அதற்குப் பிறகு கேம்ஸ் பக்கம் போய்விடுவார்கள்.

அதே பெயிண்ட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே மாதக்கணக்கில் விளையாடலாம். நாலைந்து பேர் முறை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு படமாக வரைந்து ஒரு கதையை வளர்க்கும் விளையாட்டு இது. ஒருவர் முதல் படத்தை வரைவார். அடுத்தவர் அதைப் பார்த்து இரண்டாவது படம் வரைவார். கதை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. படம் வரையத் தெரிய வேண்டும் என்பதில்லை. பைலை சேவ் செய்வது, பெயர் வைப்பது, அனுப்புவது, பாதுகாப்பது ஆகிய அடிப்படை வேலைகள் எல்லாம் விளையாட்டோடு விளையாட்டாகக் கைக்கு வந்துவிடும்.

இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அதையும் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இது பழைய விளையாட்டு

கம்ப்யூட்டர் வருவதற்கு மிக முன்பே இந்த விளையாட்டு வந்துவிட்டது. ஜப்பானில் ரெங்கா என்று ஒரு தொடர் கவிதை உண்டு. ஒருவர் மூன்று அடி பாடினால் அடுத்தவர் இரண்டு அடி பாடி முடிச்சுப் போடுவார். அந்த இரண்டு அடியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் தொடர்வார். 1488-ல் சோகி, ஷோஹாக்கு, சோச்சோ என்ற மூன்று கவிஞர்கள் மினாசே என்ற இடத்தின் பெயரால் இப்படி நூறு கண்ணிகள் பாடினார்கள். இதில் ஒரு விதி நமக்கு மிகவும் உதவும். புதிய கண்ணி தனக்கு முந்தைய கண்ணியோடு மட்டும் ஒட்ட வேண்டும். அதற்கும் முந்தையதிலிருந்து விலகிப் போக வேண்டும். இதனால் கதை ஒரே இடத்தில் சுற்றாமல் நகர்ந்துகொண்டே இருக்கும்.

படத்தில் இதைச் செய்தவர்கள் பாரிஸ் நகரத்து சர்ரியலிஸ ஓவியர்களும் கவிஞர்களும். 1925 வாக்கில் ஷாத்தோ தெருவில் 54-ம் எண் வீட்டில் ழாக் பிரெவேர், ஈவ் தாங்கி, மார்செல் துவாமெல் ஆகியோர் தங்கியிருந்தார்கள். ஆந்த்ரே பிரெத்தோன் போன்ற நண்பர்கள் அங்கே கூடுவார்கள். ஒரு தாளில் ஒருவர் ஒரு சொல்லை எழுதி, தாளை மடித்து மறைத்து அடுத்தவரிடம் தருவார். அவர் முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த சொல்லை எழுதுவார். இப்படிக் கிடைத்த ஒரு வாக்கியத்தின் முதல் சொற்களே விளையாட்டின் பெயராகிவிட்டன. தமிழில் சொன்னால் ‘அருமையான பிணம்’. பெயர்தான் பயமாக இருக்கும், விளையாட்டு வேடிக்கையானது.

பிறகு சொல்லுக்குப் பதில் படம் வரைந்தார்கள். ஒருவர் தலை, அடுத்தவர் உடல், அதற்கடுத்தவர் கால். மடிப்பைத் தாண்டி இரண்டு கோடு மட்டும் நீட்டி விடுவார்கள். அடுத்தவர் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவார். தாங்கி, ஜோன் மிரோ, மாக்ஸ் மொரீஸ், மேன் ரே ஆகிய நால்வரும் சேர்ந்து 1926-27-ல் இப்படி வரைந்த ஒரு படம் இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொழுதுபோக்காக மடித்த தாள் அது!

காமிக்ஸ்காரர்களும் விடவில்லை. 1985 கடைசியில் தொடங்கி அமெரிக்காவின் டிசி நிறுவனம் ‘டிசி சேலஞ்ச்’ என்று 12 இதழ்கள் கொண்டுவந்தது. ஒவ்வொரு இதழுக்கும் வேறு எழுத்தாளர், வேறு ஓவியர். ஒருவரோடு ஒருவர் கலந்து பேசக் கூடாது. ஒருவர் கதாநாயகனை ஆபத்தில் மாட்டிவிட்டு முடிப்பார், அடுத்தவர் காப்பாற்ற வேண்டும். மாட்டிவிட்டவர் தானாக இருந்தால் எப்படிக் காப்பாற்றியிருப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். வழி தெரியாமல் சும்மா மாட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் கதை கண்டபடி கிளை விட்டுவிட்டதால், கடைசி இதழை மட்டும் பல எழுத்தாளர்கள் சேர்ந்து முடித்து வைத்தார்கள்.

ஆர்ட் ஸ்பீகல்மேனும் ஆர். சிகோரியாக்கும் தொகுத்து 1995-ல் வெளிவந்த ‘தி நேரட்டிவ் கார்ப்ஸ்’ இன்னும் பெரிய முயற்சி. 69 ஓவியர்கள், ஆளுக்கு மூன்று கட்டம். முந்தியவர் வரைந்த மூன்று கட்டங்களை மட்டும்தான் பார்க்கலாம். கதாநாயகன் வெறும் குச்சி மனிதன். இதைக் கவனியுங்கள். 69 பேரும் ஒரே ஆளை வரைய வேண்டும் என்றால், எல்லோராலும் வரைய முடிகிற ஆளாக இருக்க வேண்டும். நம் வீட்டு விளையாட்டுக்கும் இதேதான் விதி.

எங்கள் வீட்டில் நடந்தது

என் பெரியப்பா கும்பகோணத்தில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் வாங்கினார். கை நடுக்கம் வந்துவிட்டதால் பிரஷ் பிடிப்பதை விட்டுப் பல வருடம் ஆகிறது. மவுஸ் பிடிக்கலாமே, தவறினால் கன்ட்ரோல் இசட் தட்டி அழித்துவிட்டு மறுபடி போடலாமே என்று நான்தான் ஆசை காட்டினேன்.

நாலு பேர் சேர்ந்தோம். சென்னையில் என் மகள், கோவையில் அக்கா மகன், கும்பகோணத்தில் பெரியப்பா, பெங்களூரில் தம்பி மகள். அவளுக்கு ஏழு வயது. கூகுள் டிரைவில் ஒரு போல்டர் உருவாக்கி நாலு பேருக்கும் பகிர்ந்தேன். கூகுள் டிரைவ் புரோகிராமை இன்ஸ்டால் செய்துவிட்டால் அது நம் கம்ப்யூட்டரில் இன்னொரு டிரைவ் போலவே தெரியும். பெயிண்ட்டில் வரைந்து அதில் சேவ் செய்தால் போதும், மற்ற மூன்று பேரும் பார்க்கலாம்.

என் மகள் முதல் படம் வரைந்தாள். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆடு டவுன் பஸ்ஸில் ஏறுகிறது. அக்கா மகன் இரண்டாவது படம். கண்டக்டர் ஆட்டிடம் டிக்கெட் கேட்கிறார். மூன்றாவது பெரியப்பா. பஸ்ஸையும் கண்டக்டரையும் விட்டுவிட்டார். ஜன்னல் ஓரத்தில் ஆட்டின் முகம் மட்டும். வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆனாலும் அந்தக் கண்ணைப் பார்த்தால் நிஜ ஆடு.

பெங்களூர்க் குட்டியிடம் போனில் நான் சொன்னது இதுதான். “தாத்தா வரைஞ்சிட்டார். அந்தப் படத்தைத் திற. இப்ப உன் முறை.” அவள் திறந்தாள். தாத்தா படத்தின் மேலேயே ஆட்டுக்குப் பிடரி மயிர் போட்டு, மஞ்சள் அடித்து, சிங்கமாக்கினாள். கன்ட்ரோல் எஸ் தட்டினாள். மூடிவிட்டாள். அவள் மேல் தவறு இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்தாள்.

ஒரு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள்தான் “தாத்தா படம் எங்கேப்பா?” என்று கேட்டாள். பெரியப்பாவுக்குப் போன் செய்தேன்.

“பார்த்தேன். விடுப்பா, சின்னப் பிள்ளைதானே” என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, “மறுபடி வரையச் சொல்லாதே. அந்தக் கண்ணைப் போட எனக்கு ரெண்டு நாள் ஆச்சு” என்றார்.

போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பாடம் எழுதுகிறவன், வீட்டில் ஒரு வரி சொல்ல மறந்துவிட்டேன்.

அழிந்த படம் எப்படித் திரும்பியது?

புதியவர்கள் பலர் நினைப்பதுபோல் இப்படிப்பட்ட பைல் ரீசைக்கிள் பின்னில் இருக்காது. ஒரு பைலை டெலீட் செய்தால்தான் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அதே பெயரில் மேலெழுதி சேவ் செய்தால் பழையது எங்கும் போகாது, அந்த இடத்திலேயே மறைந்துவிடும். கன்ட்ரோல் இசட் என்பதும் புரோகிராம் திறந்திருக்கும் வரைதான். மூடிவிட்டால் அதுவும் இல்லை.

ஆனால் கூகுள் டிரைவ் மேலெழுதப்பட்ட பைலின் பழைய வடிவத்தைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும். அதை எடுக்கும் வழி இது.

1. பிரவுசரில் கூகுள் டிரைவ் தளத்தைத் திறந்து, அந்தப் பைல் மீது ரைட் கிளிக் செய்திடவும்.
2. மெனுவில் ‘பைல் இன்பர்மேஷன்’, அதில் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ என்பதைக் கிளிக் செய்திடவும்.
3. தேதி வாரியாகப் பழைய வடிவங்கள் பட்டியலாக வரும். வேண்டியதன் எதிரே உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து டவுன்லோட் செய்திடவும்.
4. அதை வேறு பெயரில் சேவ் செய்திடவும். அதே பெயரில் வைத்து மறுபடி குழம்ப வேண்டாம்.

பழைய வடிவம் 30 நாட்கள் வரை இருக்கும். அதற்குள் அதே பைலின் 100 புதிய வடிவங்கள் சேர்ந்துவிட்டால் முன்பே போய்விடலாம். எங்களுக்கு எட்டாவது நாள். ஆடு ஜன்னல் ஓரத்தில் பத்திரமாக இருந்தது.

அடுத்து ஒரு சிக்கல். சிங்கத்தை என்ன செய்வது? தூக்கி எறிந்தால் குழந்தை அழும். சிங்கத்தை நாலாவது படமாக வைத்தோம். ஆடு ஜன்னல் வழியே எதைப் பார்த்தது? அடுத்த ஸ்டாப்பிங்கில் பஸ்ஸுக்காக ஒரு சிங்கம் நின்றுகொண்டிருந்தது! கதை அங்கேதான் சூடு பிடித்தது.

நீங்கள் தொடங்கும் முன்

எங்கள் அனுபவத்திலிருந்து சில ஏற்பாடுகள். இவற்றை முதலிலேயே செய்துவிடவும்.

ஒரே அளவு: எல்லோரும் ஒரே அளவுள்ள தாளில் வரைய வேண்டும். பெயிண்ட்டைத் திறந்து, பைல் மெனுவில் ‘இமேஜ் பிராப்பர்ட்டீஸ்’ கிளிக் செய்திடவும். கன்ட்ரோல் இ என்ற குறுக்கு வழியும் உண்டு. பிக்ஸல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து அகலம் 1600, உயரம் 1200 எனத் தந்து ஓகே கிளிக் செய்திடவும்.

பிஎன்ஜி பார்மட்: சேவ் செய்யும்போது பிஎன்ஜி வகையைத் தேர்ந்தெடுக்கவும். ஜேபெக் வகை பைலின் அளவைக் குறைப்பதற்காகப் படத்தின் நுணுக்கங்களில் கொஞ்சத்தை விட்டுவிடும். போட்டோவில் அது கண்ணுக்குத் தெரியாது. கோட்டுப் படத்தில் கோட்டைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலத் தெரியும். ஒருவர் திறந்து, மாற்றி, சேவ் செய்து, அடுத்தவர் மறுபடி சேவ் செய்யும்போது இழப்பு கூடிக்கொண்டே போகும். பிஎன்ஜியில் எத்தனை முறை சேவ் செய்தாலும் இந்த இழப்பு இல்லை.

எண்ணோடு பெயர்: ஆடு-01, ஆடு-02 என்று இரண்டு இலக்கத்தில் பெயர் வையுங்கள். ஆடு-1 என்று வைத்தால் சில சாதனங்களில் 1-க்குப் பிறகு 10 வந்து நின்று, 2 பின்னால் போய்விடும்.

பூட்டு: வரைந்து முடித்ததும் அந்தப் பைல் மீது ரைட் கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’ சென்று, ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் டிக் செய்திடவும். அதன் பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் யாராவது கன்ட்ரோல் எஸ் தட்டினாலும் பழைய படத்தின் மேல் எழுத விடாது, வேறு பெயர் கேட்கும். இது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பைலுக்குத்தான். பகிர்ந்த போல்டரில் மற்றவர்களும் இதை நம்பி இருக்க முடியாது. எனவே ஒவ்வொருவரும் தன் படத்தின் ஒரு பிரதியைத் தன் கம்ப்யூட்டரில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் பொறுப்பாளர்: யார் முறை, எத்தனை நாள் கெடு, முடிந்த படங்கள் எங்கே என்பதை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் வாரம் ஒரு முறை முழுப் போல்டரையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்து வைக்கட்டும்.

கதைக்கு நாலு விதி

1. உன் முறை என்றால் புதிய படம். பழைய படத்தைத் தொடக் கூடாது. முந்தியவர் வரைந்தது பிடிக்கவில்லை என்றாலும், உன் படத்தில் கதையைத் திருப்பு.
2. முந்தைய படத்திலிருந்து ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள். அதற்கும் முந்தைய படத்துக்குத் திரும்பிப் போகாதே. மேலே சொன்ன ஜப்பான் விதிதான் இது.
3. பாத்திரங்களை எளிதாக வை. எங்கள் ஆட்டுக்கு அடையாளம் இரண்டு கொம்பும் கழுத்தில் சிவப்புக் கயிறும். யார் வரைந்தாலும், நாய் போல வந்துவிட்டாலும்கூட, கயிற்றை வைத்துக் கண்டுகொள்ளலாம்.
4. எத்தனை படத்தில் முடிப்பது என்று முதலிலேயே பேசி வை. முதல் முறைக்கு நாலு பேருக்கு 12 படம் சரியாக இருக்கும். முடிவு தெரியாமல் ஓடினால் டிசி சேலஞ்ச் கதைதான். கடைசி இரண்டு படத்தை மட்டும் எல்லோரும் போனில் பேசி வைத்துக்கொண்டு வரையலாம்.

மடித்த தாள் விளையாட்டு

கதை பெரிதாக இருக்கிறது, ஒரே மாலையில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு பாரிஸ் விளையாட்டு பொருத்தம். மூன்று பேர் போதும்.

1. முதல் நபர் 900 அகலம், 500 உயரம் உள்ள தாளில் தலையை மட்டும் வரையட்டும். கழுத்துக் கோடுகள் இரண்டும் தாளின் அடி விளிம்பைத் தொட வேண்டும்.
2. பெயிண்ட்டில் ‘செலக்ட்’ கருவியை எடுத்து, அடியில் உள்ள 40 பிக்ஸல் பட்டையை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் சி தட்டவும். மவுஸ் எங்கே இருக்கிறது என்பதைக் கீழே உள்ள ஸ்டேட்டஸ் பார் எண்ணில் காட்டும். தேர்ந்தெடுக்கும்போது உயரம் 460-ல் தொடங்கி 500 வரை வர வேண்டும்.
3. புதிய தாள் திறந்து, 900-க்கு 540 என அளவு தந்து, கன்ட்ரோல் வி தட்டவும். பட்டை தாளின் உச்சியில் வந்து உட்காரும். இதை சேவ் செய்து இரண்டாவது நபருக்கு மின்னஞ்சலில் அனுப்பவும். தலையை அனுப்பக் கூடாது!
4. அவர் கழுத்துக் கோட்டிலிருந்து உடலை வரைந்து, அதேபோல அடிப் பட்டையை மட்டும் மூன்றாமவருக்கு 900-க்கு 540 தாளில் அனுப்பட்டும். அவருடைய தாளில் பட்டை 500-ல் தொடங்கி 540 வரை.
5. மூன்றும் வந்ததும் பொறுப்பாளர் 900-க்கு 1500 அளவில் தாள் திறந்து ஒட்ட வேண்டும். தலை உச்சியில். உடல் 460-ல் தொடங்கும். கால் 960-ல் தொடங்கும். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தினால் சரியான இடம்.

எங்கள் வீட்டில் கிடைத்தது கண்ணாடி போட்ட மயில் தலை, ஆட்டோ உடல், பரதநாட்டியம் ஆடும் கால்கள். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை.

பெயிண்ட் போதாதா?

தொடங்குவதற்குப் போதும். விண்டோஸ் 11-ல் உள்ள பெயிண்ட்டில் 2023 முதல் லேயர் வசதியும் வந்துவிட்டது. லேயர் என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போல. கோடு ஒரு தாளில், வண்ணம் இன்னொரு தாளில். வண்ணத்தை அழித்தாலும் கோடு அழியாது. பிஎன்ஜியாக சேவ் செய்ததும் எல்லாம் ஒரே தாளாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்வம் வளர்ந்தால் கிருத்தா என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். ஆனால் எல்லோரிடமும் ஒரே புரோகிராம் இல்லாவிட்டால், பரிமாறிக்கொள்வது பிஎன்ஜியாகவே இருக்கட்டும்.

வரைய விருப்பம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2009-ல் தொடங்கி 27 பகுதிகளாக ஒரு சிறுவர் தொடர்கதை நடத்தியது. பல எழுத்தாளர்கள் முறை வைத்து எழுதினார்கள், பல ஓவியர்கள் அதற்குப் படம் போட்டார்கள். உங்கள் வீட்டில் பாட்டி போனில் இரண்டு வரி சொல்லட்டும். பேரன் படம் போடட்டும்.

எங்கள் ஆட்டுக் கதை 12 படத்தில் முடிந்தது. கடைசிப் படத்தைப் பெரியப்பாவுக்குத்தான் விட்டோம். ஆடும் சிங்கமும் ஒரே சீட்டில் தூங்கிக்கொண்டு போகின்றன. கண்டக்டர் விசில் ஊதாமல் கையில் பிடித்திருக்கிறார். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஸ்டேப்ளர் போட்டு, நாலு வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மூன்றாவது படத்தின் கீழே தம்பி மகள் தன் கையால் ‘தாத்தா வரைந்தது’ என்று எழுதியிருக்கிறாளாம்.

போன வாரம் பெரியப்பா போன் செய்தார். “அடுத்த கதைக்கு முதல் படம் நான் போட்டுட்டேன். ரீட் ஒன்லியும் போட்டாச்சு” என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒரு படம் போடுங்கள். 01 என்று பெயர் வைத்து, ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அடுத்தவருக்கு அனுப்புங்கள்.